பாதிக்குப் பாதி இருந்த வகுப்பறை: பெரீயா கல்லூரி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டர் போல போனால், புல்வெளிச் சீமை முடிந்து மலை தொடங்கும் இடத்தில் பெரீயா என்ற சிற்றூர் வரும். ஊரின் பெயரே கல்லூரியின் பெயரும். இங்கே சேர விரும்பும் மாணவர் நன்றாகப் படித்திருக்க வேண்டும், அதோடு வீட்டில் வசதி இல்லாதவராகவும் இருக்க வேண்டும். பெற்றோரால் ஃபீஸ் கட்ட முடியும் என்று வருமானக் கணக்கில் தெரிந்தால் இடம் கிடைக்காது. 1892-லிருந்து இந்தத் தனியார் கல்லூரி எந்த மாணவரிடமும் கல்விக்கட்டணம் வாங்கியதில்லை.

சுமார் 1,500 பேர் படிக்கிறார்கள். வரலாறு, வேதியியல், இசை, செவிலியம் என்று எதைப் படித்தாலும், ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக வேலை செய்தாக வேண்டும். துடைப்பம் கட்டுவதிலிருந்து ஆய்வகத்தில் உதவுவது வரை வேலைகள் பலவகை. படிப்புக்கு மதிப்பெண் சான்று தருவது போல வேலைக்கும் தனியாக ஒரு சான்று உண்டு.

இந்த அளவோடு நிறுத்தினால் மனசுக்கு இதமான செய்தி. பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் 1892-ல் இன்னொன்றும் நடந்தது. அந்த ஆண்டு வந்த புதிய தலைவர், 'நம் மாணவர் யார்' என்ற கேள்விக்குக் கல்லூரி அதுவரை சொல்லிவந்த பதிலை மாற்றத் தொடங்கினார். கட்டணமில்லாக் கல்வியும் அந்த மாற்றமும் ஒரே தலைவரின் காலத்தில் வளர்ந்தவை. ஒன்றைப் பாராட்டிவிட்டு மற்றதை மறைத்துவிட முடியாது என்பதால்தான் இந்த ஆய்வு.

பத்து ஏக்கர் நிலம்

ஜான் கிரெக் ஃபீ 1816-ல் கென்டக்கியில் பிறந்தவர். அப்பா அடிமைகளை வைத்திருந்தவர். இறையியல் படிக்கப் போன இடத்தில் ஃபீ அடிமைமுறையை எதிர்ப்பவராக மாறினார், அதற்காக அப்பா அவரைச் சொத்திலிருந்து விலக்கினார். அப்பாவிடம் அடிமையாக இருந்த ஜூலெட் மைல்ஸ் என்ற பெண்ணை ஃபீ தானே விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார். 1858-ல் அந்தப் பெண் தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒஹையோ ஆற்றைக் கடந்து கூட்டிப்போக முயன்றபோது பிடிபட்டு, தண்டனை பெற்று, சிறையிலேயே இறந்தார். பெரீயாவின் கதையை எழுதுபவர்கள் பலர் இந்தப் பெண்ணை ஓர் அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள். ஃபீயின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இவர் கதை போதும்.

நிலம் கொடுத்தவர் கேஷியஸ் மார்செல்லஸ் கிளே. பணக்காரர், அரசியல்வாதி, அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர். (குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்குப் பிறந்தபோது இட்ட பெயர் இவருடையதுதான். அலியின் தந்தைக்கு இவர் நினைவாகப் பெயர் வைத்தார்கள், அது மகனுக்கும் வந்தது.) மலையடிவாரத்து விவசாயிகளில் அடிமை வைத்திருந்தவர்கள் குறைவு. அவர்களைத் திரட்டினால் மாநில அரசியலை மாற்றலாம் என்பது கிளேயின் கணக்கு. 1853-ல் ஃபீக்குப் பத்து ஏக்கர் கொடுத்து அங்கேயே குடியேறச் சொன்னார். மறு ஆண்டு ஃபீ வந்து 13 பேரோடு ஒரு சபையைத் தொடங்கி, அந்த மேட்டுக்கு பெரீயா என்று பெயரிட்டார். தமிழ் வேதாகமத்தில் பெரோயா என்று வருகிற அதே ஊர்தான். சொன்னதைத் திறந்த மனதோடு கேட்டவர்கள் இருந்த ஊர் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ம் அதிகாரம் சொல்கிறது.

1855-ல் ஓர் அறை கொண்ட பள்ளி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி கறுப்பினத்தவரையும் பெண்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. கென்டக்கிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது ஃபீயின் ஆசை. அது எப்படி இருக்க வேண்டும் என்று அவர் நான்கு 'எதிர்ப்பு'களால் எழுதினார்: அடிமைமுறைக்கு எதிராக, சாதிக்கு எதிராக, சாராயத்துக்கு எதிராக, பாவத்துக்கு எதிராக. அந்த இரண்டாவது சொல் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும். தோல் நிறத்தை வைத்து மனிதரை மேல் கீழாக அடுக்குவதற்கு அக்கால அமெரிக்க அடிமை எதிர்ப்பாளர்கள் பயன்படுத்திய சொல் அது. இந்தியாவைப் பற்றிய எழுத்துகள் வழியாக அவர்கள் வாசகருக்குப் பழகியிருந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். ஃபீக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன். 1846-ல் அதை உருவாக்கியவர்கள், அடிமைமுறை விஷயத்தில் அமெரிக்கன் போர்டு என்ற பழைய மிஷன் வாய்மூடி இருக்கிறது என்று கோபப்பட்டவர்கள். அந்த அமெரிக்கன் போர்டுதான் யாழ்ப்பாணத்தில் 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. ஆங்கிலவழி உயர்கல்விக்கு மிஷன் பணம் செலவழிப்பது சரியா என்ற சர்ச்சையில் அது 1855-ல் மூடப்பட்டது. பெரீயாவின் ஓரறைப் பள்ளி தொடங்கிய அதே ஆண்டு.

சரி, கென்டக்கிக்கே திரும்புவோம். 1856 ஜூலை 4 கூட்டத்தில் கிளேயும் ஃபீயும் மேடையிலேயே மோதிக்கொண்டார்கள். கடவுளின் நியாயத்துக்கு எதிரான சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றார் ஃபீ. சட்டம் சட்டமாக இருக்கும்வரை கீழ்ப்படிய வேண்டும் என்றார் கிளே. அதோடு கிளேயின் பாதுகாப்பு போயிற்று. 1859 அக்டோபரில், அடிமைகளை ஆயுதமேந்தி எழச்செய்ய நினைத்த ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக்கிடங்கைத் தாக்கியதும் தெற்கு முழுவதும் பீதி பரவியது. டிசம்பர் 23 அன்று சுமார் 60 பேர் ஆயுதங்களோடு பெரீயாவுக்குள் வந்து, பத்து நாளில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆளுநரிடம் முறையிட்டும் பயனில்லை. ஆசிரியர்களும் குடும்பங்களும் குளிர்காலத்தில் மாநிலத்தைவிட்டு வெளியேறினார்கள்.

96 பேரும் 91 பேரும்

அடிமைமுறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின்போது (1861-65) ஃபீ, கென்டக்கியின் கேம்ப் நெல்சன் படைமுகாமில் கறுப்பினப் போர்வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கே சந்தித்த ஆங்கஸ் பர்லீ என்ற இளம் சார்ஜன்ட்டைப் பெரீயாவுக்கு வரச்சொன்னார். பர்லீ 1866-ல் வந்து சேர்ந்து, 1875-ல் பட்டம் பெற்றார். முகாமிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. கறுப்பர் வீடும் வெள்ளையர் வீடும் கலந்து வரும்படி மனைகளை விற்க வேண்டும் என்று ஃபீ வலியுறுத்தினார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் தெருவில் தனித்தனிச் சேரியாகப் பிரிந்துபோனால் அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1866-ல் முதல் கறுப்பின மாணவிகள் வகுப்புக்குள் வந்த அன்று, வெள்ளை மாணவர்களில் பலர் எழுந்து வெளியே போனார்கள். நிர்வாகம் அசையவில்லை. போனவர்களில் சிலர் பிறகு திரும்பினார்கள். அந்தக் கல்வியாண்டின் கணக்கு 187 மாணவர்கள்: 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். கல்லூரியின் வாசகமாக ஃபீ தேர்ந்தெடுத்தது, 'மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி' என்று தமிழ் வேதாகமத்தில் வருகிற வசனத்தை. அடிமைமுறை ஒழிந்து ஓராண்டுகூட ஆகாத தென்மாநிலத்தில் அந்த வசனத்துக்கு 187 பேர் உருவம் கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. கல்லூரி என்று சொன்னாலும் அப்போது அங்கே இருந்ததில் பெரும்பகுதி பள்ளிதான். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும், ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர்களும், முப்பது வயது தாண்டிய முன்னாள் அடிமைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். பட்டப்படிப்பு 1869-ல் எட்வர்ட் ஹென்றி ஃபேர்சைல்ட் தலைவராக வந்த பிறகுதான் தொடங்கியது. முதல் பட்டங்கள் 1873-ல் கொடுக்கப்பட்டன. ஆகவே 'பாதிக்குப் பாதி' என்பது முழு நிறுவனத்தின் கணக்கு, பட்டதாரிகளின் கணக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கால தெற்கில் இதற்கு நிகராக ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. 1870-களின் தொடக்கத்தில் ஜூலியா பிரிட்டன் என்ற இளம் கறுப்பினப் பெண் அங்கே வாத்திய இசை கற்பித்தார், வெள்ளை மாணவர்களுக்கும் சேர்த்து. 1872-ல் அறங்காவலர் குழு, கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் காதலித்துப் பழகுவதைத் தடுக்கப்போவதில்லை என்று தீர்மானமே போட்டது. கலப்புமணம் குற்றமாக இருந்த மாநிலத்தில் இப்படி ஒரு தீர்மானம்! அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழுக் கூட்டத்தில் யார் யார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் மாணவர்களில் பாதி அல்லது பாதிக்கு மேல் கறுப்பினத்தவராகவே இருந்தார்கள்.

ஃப்ராஸ்ட் கண்டுபிடித்த மலை

வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் 1892-ல் தலைவரானார். ஓபர்லினில் கிரேக்கம் கற்பித்தவர், அடிமை எதிர்ப்புக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் கெட்டவராக வரைவது எளிது, ஆனால் அவர் கையில் வந்த கல்லூரியின் நிலையையும் பார்க்க வேண்டும். பணம் வற்றிக்கொண்டிருந்தது. போர் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது, விடுதலை பெற்றவர்களுக்கு உதவுவதில் வடமாநிலத்துக் கொடையாளர்களுக்கு இருந்த வேகம் தணிந்துவிட்டது. வெள்ளை மாணவர்கள் கூடினால்தான் 'கலந்து படிக்கும் கல்லூரி' என்ற பெயர் நிலைக்கும் என்று அவர் வாதிட்டார். எங்கிருந்து கூட்டுவது? கிழக்கே எழுந்து நின்ற மலையிலிருந்து.

மலைவாழ் வெள்ளையர்களைப் பற்றி ஃப்ராஸ்ட் வடக்கே போய் ஒரு கதை சொன்னார். இவர்கள் சுத்தமான ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் வம்சாவளி, நூறு ஆண்டு முந்தைய வாழ்க்கையை மலைக்குள் அப்படியே காப்பாற்றி வைத்திருப்பவர்கள், போரில் வடக்கின் பக்கம் நின்ற விசுவாசிகள், கல்வி மட்டும் இல்லாதவர்கள் என்று. 1899-ல் அட்லான்டிக் மன்த்லி இதழில் அவர்களை 'நமது சமகால மூதாதையர்' என்று வர்ணித்தார். நியூயார்க் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பணக்காரருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவுக்கே உதவுவதுபோல ஓர் உணர்ச்சி வந்திருக்க வேண்டும். நன்கொடை கொட்டியது. அப்பலாச்சியா என்ற வட்டாரத்தை அமெரிக்கர்கள் இன்றும் பார்க்கிற விதத்தில், அதன் ஏழ்மை மீதான பரிவிலும் சரி, அதைக் கேலிசெய்யும் பழக்கத்திலும் சரி, ஃப்ராஸ்டின் கைரேகை இருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது? 1872-ன் தீர்மானம் கைவிடப்பட்டது, இனம் கடந்து பழகுவதற்குத் தடை வந்தது. ஜேம்ஸ் ஹாத்தவே என்ற கறுப்பின விரிவுரையாளர் பேராசிரியர் பதவி கேட்டார், கிடைக்கவில்லை. அவர் கிளம்பி, தலைநகர் ஃபிராங்ஃபோர்ட்டில் கறுப்பினத்தவருக்காக நடந்த அரசுக் கல்வி நிறுவனத்துக்குப் போனார், பின்னாளில் அதன் தலைவரும் ஆனார். புதிய வெள்ளை மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். கறுப்பின மாணவர் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மொத்தத்தில் அவர்கள் பங்கு பத்தே ஆண்டுகளில் பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போயிற்று. யாரையும் வெளியேற்றாமலே ஒரு கல்லூரியின் முகத்தை மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதியவர் ஃபீ இந்தப் போக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1901-ல் இறந்தார்.

டே சட்டம்

1903-ல் கார்ட்டர் வுட்சன் என்ற 27 வயது இளைஞர் பெரீயாவில் பட்டம் வாங்கினார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து வந்தவர். பின்னாளில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர், கறுப்பின வரலாற்று வாரத்தை 1926-ல் தொடங்கியவர். இன்றைய பிப்ரவரி மாதக் கொண்டாட்டத்துக்கு அதுவே வேர். அவர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பட்டம் அங்கே கிடைத்திருக்காது.

1904-ல் பிரெதிட் கவுன்டியைச் சேர்ந்த கார்ல் டே என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே இடத்தில் படிக்கவைக்கும் நிறுவனத்துக்கு 1,000 டாலர் அபராதம், அதன்பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 டாலர். அங்கே போய்ப் படிக்கும் மாணவருக்கே நாளொன்றுக்கு 50 டாலர். தனிக் கிளை வைத்து ஓர் இனத்தவரைப் படிக்கவைப்பதானால் அது 25 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தில் பெரீயா என்ற பெயர் கிடையாது. தேவையும் இல்லை, மாநிலத்தில் அப்படிப்பட்ட கல்லூரி அது ஒன்றுதான்.

பெரீயா வழக்குக்குப் போனது. கீழ் நீதிமன்றம் 1,000 டாலர் அபராதம் போட்டது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 25 மைல் நிபந்தனையை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஏற்றது. 1908 நவம்பர் 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் பெரீயாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி புரூவர் பிடித்த இழை நுணுக்கமானது: பெரீயா ஒரு கார்ப்பரேஷன், அதை உண்டாக்கிய சாசனம் மாநிலம் கொடுத்தது, கொடுத்த சாசனத்தைத் திருத்த மாநிலத்துக்கு உரிமை உண்டு. தனிமனிதர்கள் சேர்ந்து படிப்பதைத் தடுக்கலாமா என்ற பெரிய கேள்விக்குள் அவர் போகவே இல்லை. தனியார் கல்லூரி என்றால் அரசு தலையிட முடியாது என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம். தனியார் நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டதே இங்கே அரசுக்குப் பிடிமானமாகிவிட்டது.

மறுத்து எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன். அவரும் கென்டக்கிக்காரர், அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். 1896-ல் ரயில் பெட்டிகளைப் பிரித்த பிளெசி வழக்கில் தனியொருவராக மறுத்தவரும் இவரே. குற்றமற்ற ஒரு காரியத்துக்காக மனிதர்கள் தங்கள் விருப்பப்படி கூடுவதை, நிறத்தைக் காரணம்காட்டி ஓர் அரசு தடுக்கலாம் என்ற அளவுக்கு நமக்குள் இனவெறுப்பு ஊறிப்போய்விட்டதா என்று கேட்டார். அப்படியானால் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சந்தையில் நிற்பதையும் தடைசெய்யலாமே என்பது அவர் வாதத்தின் போக்கு. அவரோடு மறுத்த இன்னொரு நீதிபதியின் பெயர், வேடிக்கையாக, டே. சட்டத்தின் டேவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

இனி கல்லூரி எடுத்த முடிவு. ஒரே வளாகத்தில் ஓர் இனம்தான் என்றால் எந்த இனம்? யாருக்காகத் தொடங்கியதோ அவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பியிருக்கலாம். அது நடக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஃபிஸ்க் முதலான பிற கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்கள் செலவுக்கு பெரீயா உதவியது. வளாகம் வெள்ளையருக்கு என்று ஆனது. 1904-ல் மாணவர்களில் பெரும்பான்மை வெள்ளையர், கொடையாளர்களின் மனசு மலையில், ஆக அந்த முடிவை யாரும் எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பத்தாண்டுகளாக அது எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஈடாக ஒரு புதிய நிறுவனம் கட்டித்தருவதாக ஃப்ராஸ்ட் சொன்னார், நிதியும் திரட்டினார். ஆண்ட்ரூ கார்னகி 2 லட்சம் டாலர் கொடுத்தார். லூயிவில் நகருக்குக் கிழக்கே ஷெல்பி கவுன்டியில் 1912-ல் லிங்கன் இன்ஸ்டிடியூட் திறந்தது. நல்ல பள்ளியாகப் பெயர் எடுத்தது. பின்னாளில் கறுப்பினத்தவர் உரிமைக்கான நேஷனல் அர்பன் லீக் என்ற அமைப்பை நடத்திய விட்னி யங் பிறந்தது அதன் வளாகத்தில்தான், அவர் தந்தை அங்கே பல ஆண்டுகள் தலைமை வகித்தார். ஆனால் அது பள்ளிதான். தொழிற்பயிற்சியும் உயர்நிலைக் கல்வியும் கொடுத்தது. பெரீயாவில் லத்தீன் படித்தவர்களின் தம்பி தங்கைகளுக்குக் கிடைத்தது தச்சுவேலையும் சமையலும்.

இடையில் ஒரு சின்ன வழக்கு. மாணவர்கள் வெளி உணவகங்களில் சாப்பிடக் கூடாது என்று பெரீயா விதி போட்டது. வளாகத்துக்கு எதிரே புதிதாக உணவகம் வைத்திருந்த காட் என்பவர், பிழைப்பு போச்சு என்று வழக்குத் தொடுத்தார். 1913-ல் மாநில நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது: மாணவருக்குக் கல்லூரி பெற்றோர் ஸ்தானம், பெற்றோர் போடக்கூடிய எந்த விதியையும் அது போடலாம். யார் யாரோடு படிக்கலாம் என்று அரசு சொல்லக் கூடாது என வாதாடி ஐந்தாண்டு முன்பு தோற்ற கல்லூரி, யார் எங்கே சாப்பிடலாம் என்று தான் சொல்லலாம் என வாதாடி ஜெயித்தது. அந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டு காலம் அமெரிக்கக் கல்லூரி நிர்வாகங்களுக்குக் கைத்தடியாக இருந்தது.

செங்கல்லும் துடைப்பமும்

1911-ல் அப்பலாச்சிய மலைவாசிகளுக்கே முதன்மையாகப் பணி என்பது கல்லூரியின் விதியிலேயே ஏறியது. அந்தக் காலத்து மாணவர் எப்படி வந்தார் என்றால், பலருக்கு வீட்டில் பணமாகக் கையில் எதுவும் புழங்காது. எனவே வேலை. தொடக்கத்திலிருந்தே வேலை செய்து படிப்பது அங்கே வழக்கம், மலைமாணவர்கள் வந்த பிறகு அதுவே கல்லூரியின் முதுகெலும்பானது. 1906-ல் முடிந்த ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் தேவாலயத்துக்குப் பணம் கொடுத்த அம்மையார் போட்ட நிபந்தனையே, மாணவர்கள் கட்ட வேண்டும் என்பது. செங்கல் சூளை போட்டதிலிருந்து அவர்களே கட்டினார்கள். ஃப்ராஸ்டின் மனைவி ஒரே கோடையில் தன் வீட்டுக்கு வந்த 300 விருந்தாளிகளுக்குச் சோறு போட்டுக் களைத்துப்போனதால் 1909-ல் பூன் டாவர்ன் என்ற விடுதி எழுந்தது. இன்றும் மாணவர்கள் அதில் வேலை பார்க்கிறார்கள். நெசவு, மரவேலை, துடைப்பம் எல்லாம் விற்பனைக்கும் போகின்றன. 'பெரீயா துடைப்பம்' என்றால் அந்தப் பக்கம் ஒரு மதிப்பு.

வேலைக்குக் கொடுக்கும் கூலி சொற்பம். சிலர் இதைச் சுரண்டல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணக்காரப் பிள்ளைகளின் கல்லூரியில் ஏழை மாணவன் தட்டு கழுவினால் அது அவமானமாகலாம். எல்லோரும் தட்டு கழுவும் இடத்தில் அது பாத்திரம் கழுவுவது, அவ்வளவுதான். இங்கிருந்து 1937-ல் பட்டம் பெற்ற ஜான் ஃபென் 2002-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1942-ல் பட்டம் பெற்ற, நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த வுவானிட்டா கிரெப்ஸ், அதிபர் கார்ட்டரின் வணிகத்துறை அமைச்சரானார்.

46 ஆண்டுகள் கழித்து

1949-ல் லைமன் ஜான்சன் என்ற கறுப்பின ஆசிரியர் வழக்குத் தொடுத்து கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். மறு ஆண்டு டே சட்டம் திருத்தப்பட்டது. கல்லூரிகள் விரும்பினால் இரு இனத்தவரையும் சேர்க்கலாம். பெரீயா 1950-லேயே சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஜெஸ்ஸி ரீசர் சாண்டர், 1954-ல். அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்த அதே ஆண்டு.

கதவு திறந்தது, ஆனால் பழைய பாதி திரும்பவில்லை. காரணம் வெளிப்படை. மாணவர்களில் மிகப் பெரும்பகுதியை அப்பலாச்சியாவிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது, அந்த மலைப்பகுதி பெரும்பாலும் வெள்ளையர் வாழும் பகுதி. எந்தச் சட்டமும் தடுக்காதபோதும் 1911-ன் விதி தன் வேலையைச் செய்தது. 1965-ல் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த வாக்குரிமைப் பேரணிக்குப் பெரீயாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 1968-ல் பள்ளி வகுப்புகள் நிறுத்தப்பட்டு, அது முழுக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியாக ஆனது.

அதன் பிறகு, மெதுவாக, ஃபீயின் கேள்வியைக் கல்லூரி மறுபடி எடுத்துப் பார்த்தது. அப்பலாச்சியா என்றால் மலைக்குடிசை மட்டுமா? அரசின் கணக்குப்படி அலபாமாவின் பர்மிங்காம்கூட அதற்குள்தான் வருகிறது. கறுப்பின மாணவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்கும் முயற்சி வலுத்தது. இன்று மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். வெளிநாட்டு மாணவர்களும் கணிசமாக உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள். கென்டக்கியில் பிறந்த எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், பெரிய நகரப் பல்கலைக்கழகங்களில் கற்பித்த பிறகு 2004-ல் இங்கே வந்து, 2021-ல் இறக்கும்வரை இருந்தார். (உதவித்தொகையின் பெயருக்கும் இவர் பெயருக்கும் தொடர்பில்லை, தமிழில் எழுதும்போது வந்த ஒற்றுமை.)

கடைசியாகப் பணம். கட்டணம் இல்லையென்றால் கல்லூரி எதில் ஓடுகிறது? 1920-ல் அறங்காவலர் குழு ஒரு முடிவு எடுத்தது: குறிப்பிட்ட காரியத்துக்கென்று சொல்லாமல் உயில்வழி வரும் பணத்தைச் செலவழிக்காமல் நிரந்தர வைப்பு நிதியில் போடுவது. நூறு ஆண்டுகள் அதை விடாமல் செய்ததில் வைப்பு நிதி நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதன் வருமானம் ஆண்டுச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. மீதிக்கு ஆண்டு நன்கொடையும் அரசு உதவியும். (கல்விக்கட்டணம்தான் கிடையாது. தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் குடும்ப நிலையைப் பார்த்து ஏதாவது கேட்பார்கள்.) இந்த நிதியின் ஆதித் துளிகளில் பல, மலையின் வெள்ளை ஏழைகளைப் பற்றி ஃப்ராஸ்ட் வடக்கே சொன்ன கதையைக் கேட்டு வந்தவை. பர்மிங்காமிலிருந்து வரும் கறுப்பின மாணவியின் ஃபீஸை இன்று கட்டுவது, அவளுடைய முன்னோர்களை ஓரங்கட்டிச் சேர்த்த அந்தப் பணமும்தான். இதை நீதி என்பதா, தாமதமான ஈடு என்பதா, வெறும் தற்செயல் என்பதா என்று எனக்குள்ளேயே மூன்று பேர் சண்டை போடுகிறார்கள்.

2017-ல் அந்த நிதிக்கே ஒரு சோதனை வந்தது. மாணவர் ஒருவருக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் வைப்பு நிதி வைத்திருக்கும், 500 பேருக்குக் குறையாமல் படிக்கும் தனியார் கல்லூரிகளின் முதலீட்டு வருமானத்துக்கு 1.4 சதவீத வரி என்று புதிய சட்டம் சொன்னது. ஹார்வர்டையும் பிரின்ஸ்டனையும் குறிவைத்து எறிந்த வலையில், ஃபீஸே வாங்காத பெரீயாவும் மாட்டியது. 1904-ல் சட்டத்தில் பெயர் இல்லாமலே பெரீயாவைக் குறிவைத்தார்கள். இம்முறை அதேபோல் பெயர் சொல்லாமலே காப்பாற்றினார்கள். 2018 பிப்ரவரியில், கென்டக்கிக்காரர் மிட்ச் மெக்கானல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்தபோது, சட்டத்தில் '500 மாணவர்கள்' என்று இருந்ததற்கு முன்னால் 'கட்டணம் செலுத்தும்' என்று சேர்த்தார்கள். பெரீயாவில் அப்படிப்பட்ட மாணவர் எண்ணிக்கை பூஜ்யம்.